டிட்மௌஸ் வழக்கில் சிக்கும் இடங்கள்

சாமுவேல் வாரனின் ‘டென் தௌசண்ட் எ இயர்’ (1841) நாவலைப் பாதியில் மூடிவைப்பவர்கள் பெரும்பாலும் துணிக்கடைச் சிப்பந்தி டிட்மௌஸ் நிலத்தை மீட்க வழக்குப் போடும் இடத்தில்தான் மூடுகிறார்கள். டோ யார், ரோ யார் என்று தலை சுற்றும். இருவருமே இல்லாத ஆட்கள். அன்றைய இங்கிலாந்தில் நிலத்துக்குப் பாத்தியம் கொண்டாடுபவர், ஜான் டோவுக்குக் குத்தகை விட்டதாகவும் ரிச்சர்ட் ரோ அவனை விரட்டிவிட்டதாகவும் எழுதிக் கொடுப்பார். அடுத்து, நிலத்தில் இருப்பவருக்கு ரோ பெயரில் கடிதம் போகும்: எனக்கு இதில் பாத்தியம் இல்லை, நீங்கள் வந்து வழக்காடாவிட்டால் நிலம் போய்விடும் என்று. குத்தகை, நுழைவு, வெளியேற்றம் மூன்றையும் ஒப்புக்கொண்டால்தான் அவரை வழக்காட விடுவார்கள். மிஞ்சுவது நிலம் யாருடையது என்ற ஒரே கேள்வி. 1852 சட்டத்தோடு இந்தக் கூத்து ஒழிந்தது. நாவலில் வழக்கு யாட்டன் எஸ்டேட்டின் குடியானவர் ஜால்டர் மேல். அடி விழுவது எஸ்டேட் உடைமைக்காரர் ஆப்ரி தலையில்.

~

யார்க் நீதிமன்றக் காட்சியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். ஆப்ரி தரப்பு மலைபோல் நம்பிய பழைய பத்திரத்தில் முக்கியமான இடத்தில் அழித்தெழுதிய தடம். பத்திரம் எழுதும் பதப்படுத்திய தோலில் மையைக் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க முடியும். அந்த இடம் சொரசொரப்பாகிவிடும், மேலே எழுதினால் மை பரவும். எப்போது, யார் திருத்தியது என்று சொல்ல ஆள் இல்லை. பத்திரத்தை ஏற்க மாட்டேன் என்கிறார் நீதிபதி விட்ரிங்டன் பிரபு. அவ்வளவுதான், வழக்குப் போயிற்று. இந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியா என்று அன்றைய வக்கீல்களே வாரனோடு மல்லுக்கு நின்றார்கள்.

~

நிலம் போனதோடு தொல்லை தீரவில்லை. பாத்தியம் இல்லாமல் அனுபவித்த காலத்து வருமானத்தையும் திருப்பித் தர வேண்டும். ஆண்டுக்கு 10,000 பவுண்டு, ஆறு ஆண்டுக்கு 60,000. நம் சிவில் கோர்ட்டிலும் இந்த இடைக்கால வருமானம் உண்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 2(12). இந்தக் கணக்கு பிடிபட்டால்தான் டிட்மௌஸின் அட்டர்னி (வக்கீல்) கேமன் ஏன் ஆப்ரியிடம் அவ்வளவு குழைகிறான் என்று விளங்கும்.

~

டிட்மௌஸின் செம்பட்டை முடி, சாயம் பூசிப் பச்சையாகும் அத்தியாயம் இன்றும் சிரிப்பு மூட்டும். தேர்தல் பகுதியைத் தாராளமாகத் தாண்டலாம். வாரன் பழுத்த டோரி (பழமைவாதக் கட்சிக்காரர்), சீர்திருத்தக்காரர்கள் எல்லாரும் அவருக்குக் கோமாளிகள். ஆப்ரி குடும்பத்தின் நல்ல குணமும் ஒரு கட்டத்துக்கு மேல் திகட்டும்.