உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கும் குமிழ்ச் சாமந்தி (கைநுனிகள் குமிழாக உப்பும் கடல் சாமந்தி, பூவல்ல, விலங்கு) உங்களை எப்போதாவது திகைக்க வைத்ததா?

அலைநுரை:
காலையில் விளக்கு எரிந்ததும் பார்த்தேன். முந்தைய இரவு கையகலம் விரிந்திருந்த சாமந்தி, பாறையின் இரண்டு பக்கமும் இழுபட்டுக் கிடந்தது. நடுவில் நூல் கனத்துக்குச் சதை. வாய் எது, காயம் எது என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சரியாக அப்போது தொலைபேசி அடித்தது. திரும்பி வந்தபோது நூல் அறுந்து இரண்டாகியிருந்தது. இரண்டு வருடமாகிறது, அந்த அழைப்பை எடுத்திருக்க வேண்டாம். இரை போடாமல் விட்டதால்தான் பிளந்ததோ?

கருங்கல்:
உங்களுடையது இரண்டானது, என்னுடையது நடந்தது. மூன்று நாள் ஒரே பாறைப் பிளவில் ஒட்டியிருந்தது. நான்காம் இரவு பாறையைப் பற்றும் அடித்தட்டை விடுவித்துக்கொண்டு, கண்ணாடி வழியே ஊர்ந்து, நீரைச் சுழற்றும் அலை பம்பின் வாயில் போய் மாட்டியது. விடிந்ததும் தொட்டி நீர் பால் கலந்ததுபோல் இருந்தது. அதில் குடியிருந்த கோமாளி மீன்கள் இரண்டும் அந்தப் பம்பையே முட்டிக்கொண்டிருந்தன. அதைத்தான் மறக்க முடியவில்லை.

உவர்நீர்:
அலைநுரை, பட்டினிதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பிளவுபடுவது இதன் இயல்பான இனப்பெருக்கம். ஆழமற்ற நீரில் சிறியவை கூட்டமாக இருப்பது பெரும்பாலும் ஒன்றே பலவாகப் பிளந்ததால்தான். ஆழத்தில் பெரியது தனியாக இருக்கும். என்னுடையதும் ஒருமுறை பிளந்தது, அவ்வளவுதான் கதை. கருங்கல், பம்புக்கு வலைமூடி போடாமல் இதை வளர்க்கவே கூடாது. தொட்டி அமைத்துப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும். உடலுக்குள் வாழும் பாசிதான் பெரும்பகுதி உணவைத் தருகிறது, ஆகவே ஒளி குறைந்தால் வெளிறும். கால் பதிக்கப் பாறையில் ஆழமான பிளவு வேண்டும். கிடைக்காவிட்டால் தேடிக் கிளம்பிவிடும். ஒட்டியதை நகத்தால் கிள்ளி எடுக்காதீர்கள், அடித்தட்டு கிழிந்தால் பிழைப்பது கடினம். ஒளி குறைந்தால் கைநுனிக் குமிழும் மறைந்துவிடும்.

நண்டுக்கால்:
யாரும் கேட்காத பாடத்துக்கு நன்றி. கடைசி வரி மட்டும் தவறு. என் தொட்டியில் ஒரே விளக்கின் கீழ், ஒரே உடலில், பாதிக் கைகள் குமிழாகவும் பாதி நூலாகவும் நிற்கின்றன. இதற்கு என்ன சொல்வீர்கள்?

அலைநுரை:
சண்டை வேண்டாம். அந்த இரண்டு பாதிகளும் இன்று உரசிக்கொண்டுதான் நிற்கின்றன, ஒன்றையொன்று கொட்டுவதில்லை. மீன் மட்டும் பெரிய பாதியை விட்டு நகரவே இல்லை.