நாட்சர் பார்க்வே ஐ-165 ஆனதில் பலகையைத் தவிர என்ன மாறியது?

கேள்வி – இளங்கோ:
அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பவுலிங் கிரீனையும் ஓவன்ஸ்பரோவையும் இணைக்கும் வில்லியம் எச். நாட்சர் பார்க்வே என்ற விரைவுச்சாலை, 2019-இல் இன்டர்ஸ்டேட் (நாடு தழுவிய விரைவுச்சாலைத் தொகுப்பு) 165, சுருக்கமாக ஐ-165, என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே அது சிக்னல் இல்லாத நான்கு வழிச்சாலைதான். மணிக்கு 70 மைல் வேகத்தில் போகலாம். அப்படியானால் புதிய எண் எதற்கு? லாரிகளுக்கு எடைக் கட்டுப்பாடு இறுகிவிடாதா?

மறுமொழி – கயல்விழி:
எண் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1972-இல் திறக்கப்பட்டபோது இது சுங்கச்சாலை. சாவடி இருந்த சந்திப்புகளில், ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஒரே இடத்தில் கட்டணம் செலுத்தும்படி சுழல்பாதைகளை நெருக்கி வளைத்திருந்தார்கள். 2006-இல் கட்டணம் நீங்கிய பிறகும் அந்த வளைவுகள் நீங்கவில்லை. இன்டர்ஸ்டேட் என்றால் தடம் 12 அடி, வலப்புற ஓரம் 10 அடி, ஊர்ப்புறப் பாலங்களின் அடியில் 16 அடி உயர இடைவெளி என்று விதிகள் உண்டு. அவற்றை ஒட்டிச் சந்திப்புகளையும் தடுப்புகளையும் சீரமைத்த பின்னரே எண் வந்தது.

மறுமொழி – மாறன்:
எடையைப் பற்றிய ஐயம் நியாயமானது. இன்டர்ஸ்டேட்டில் பொதுவான உச்ச வரம்பு 80,000 பவுண்டு. அதற்கு மேல் ஏற்றிச் செல்ல மாநிலச் சாலைகளில் இருந்த சலுகைகள் இங்கே செல்லுபடியாகாமல் போயிருக்கக்கூடும். ஆனால், எண் மாறுவதற்கு முன் இச்சாலையில் சட்டப்படி ஓடிய வண்டிகள் தொடர்ந்து ஓடலாம் என்று நாடாளுமன்றம் முன்கூட்டியே விலக்கு அளித்துவிட்டது. அந்த விலக்கு இல்லையென்றால் உள்ளூர் லாரிக்காரர்களே இந்த மாற்றத்தை எதிர்த்திருப்பார்கள் என்பது என் கருத்து.

மறுமொழி – செந்தாமரை:
எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 165-இல் உள்ள 65, தாய்ச்சாலையான இன்டர்ஸ்டேட் 65-ஐக் குறிக்கும். முன்னால் வரும் ஒற்றைப்படை எண், அதிலிருந்து பிரிந்து மறுமுனையில் அதனுடன் சேராத கிளையைக் குறிக்கும். அலபாமாவின் மொபைல் நகரிலும் ஓர் 165 உண்டு; மாநிலம் வேறு என்பதால் குழப்பமில்லை. சாலைக்குப் பெயர் தந்த நாட்சர், 18,401 வாக்கெடுப்புகளிலும் வருகைக் கணக்கெடுப்புகளிலும் ஒன்றைக்கூடத் தவறவிடாத அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் என்பதையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓட்டுநரைவிட, ஆலைக்கு இடம் தேடும் நிறுவனங்களுக்கே இந்த எண் பெரிது. வரைபடத்தில் இன்டர்ஸ்டேட் தொடாத ஊரை அவர்களில் பலர் பரிசீலிப்பதே இல்லை. நிதியிலும் வேறுபாடு உண்டு: இன்டர்ஸ்டேட் பணிகளுக்கு ஒன்றிய அரசின் பங்கு பொதுவாக 90 விழுக்காடு, ஏனைய ஒன்றிய உதவிச் சாலைகளுக்கு 80.

இளங்கோ:
எடை விலக்கு எனக்குப் புதிய செய்தி. நன்றி.