நின்றே வேலை செய்பவருக்குக் காலில் சிரை புடைப்பு: லேசர் சிகிச்சைக்குப் போகலாமா?

நெல்லைவாசி கேட்டது:

வணக்கம். என் மனைவிக்கு வயது 41. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் பல ஆண்டுகளாக விற்பனைப் பணியில் இருக்கிறார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடது ஆடுசதையில் பச்சையாக நெளிந்து தெரிந்த ரத்தக் குழாய்கள் இப்போது தொடை வரை புடைத்து நிற்கின்றன. மாலையானால் கால் கனத்து வீங்குகிறது, இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, உள் கணுக்காலுக்கு மேலே தோல் கருத்து அரிப்பெடுக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவிப் பார்த்ததில் பலன் இல்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், பெரிய சாபினஸ் சிரை (காலில் தோலுக்கு அடியில் ஓடும் நீண்ட சிரை) தொடை இடுக்கில் ஆழ்சிரையோடு இணையும் இடத்தில் வால்வு பழுதாகிவிட்டது என்றும், ஆழ்சிரைகளில் அடைப்பு இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். லேசர் மூலம் அந்தச் சிரையை அடைத்துவிடலாம் என்பது மருத்துவரின் யோசனை.

ஒரு ரத்தக் குழாயையே அடைத்துவிட்டால் ரத்த ஓட்டம் என்னாகும், இதயத்துக்குச் சுமை கூடாதா என்று அவர் அஞ்சுகிறார். என் மாமனாருக்குக் காலிலிருந்து குழாய் எடுத்துத்தான் பைபாஸ் செய்தார்கள். நாளைக்குத் தனக்கும் அப்படி ஒரு தேவை வந்தால் என்ன செய்வது என்பது அவருடைய இன்னொரு கவலை. சிகிச்சைக்குப் பிறகு அதே கடையில் நின்று வேலை பார்க்க முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

உங்கள் மனைவியின் முதல் அச்சத்துக்கு அவருடைய தந்தையின் காலே விடை. பைபாஸுக்காக அவர் காலிலிருந்து எடுத்தது பெரும்பாலும் இதே பெரிய சாபினஸ் சிரையாகத்தான் இருக்கும். அது இல்லாமல்தான் அவர் இத்தனை காலமும் நடமாடுகிறார். காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகள் சுமக்கின்றன. தோலுக்கு அடியில் ஓடும் சாபினஸ் போன்றவற்றின் பங்கு சிறியது என்பதால், ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றன என்று டாப்ளரில் உறுதியான பிறகு, பழுதான மேல்சிரையை அடைப்பதில் ரத்த ஓட்டத்துக்கு இழப்பில்லை, லாபம்தான்.

ஏன் லாபம் என்றால், அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் அருகே சிரைக்குள் இருக்கும் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால், ஆடுசதை சுருங்கும்போதெல்லாம் ரத்தம் மேலே தள்ளப்படும். தள்ளிய ரத்தம் கீழே இறங்காதபடி வால்வுகள் மூடிக்கொள்ளும். அழுத்தம் 30 வரைக்கும் குறையும். வால்வு கெட்டவருக்கோ ஏறிய ரத்தம் அந்த மேல்சிரை வழியாகத் திரும்ப வழிந்துவிடுவதால், நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்குவதில்லை. அந்த ஓயாத அழுத்தத்தில் நுண்குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் படிவதைத்தான் கருமையாகப் பார்க்கிறீர்கள். சிரை நோயை 0 முதல் 6 வரை நிலை பிரித்துச் சொல்வது வழக்கம். தோல் கருத்தது 4ஆம் நிலை, திறந்த புண் 6ஆம் நிலை. இதை இனி அழகுப் பிரச்சினை என்று தள்ளிப்போட வேண்டாம்.

பைபாஸ் கவலையைப் பொறுத்தவரை, இப்படி விரிந்து முறுக்கிக்கொண்ட சிரை ஒட்டுக்குப் பொதுவாக ஏற்றதல்ல. வலது கால் சிரையும், மார்பின் உட்புறத் தமனியும், முன்கைத் தமனியும் இருக்கின்றன.

லேசர், ரேடியோ அலை இரண்டும் சிரையை உள்ளிருந்து சூடாக்கி மூடுபவை. சிரையைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடலாம்; பெரும்பாலோர் அன்றே நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வெப்ப முறையை முதலிலும், நுரை மருந்து ஊசியை அடுத்ததாகவும், தொடை இடுக்கில் சிரையை முடிச்சிட்டு உருவி எடுக்கும் பழைய அறுவையை அதற்குப் பிறகும் வைக்கிறது. அந்தப் பழைய அறுவையை நிறையச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், திறமையான கையில் அதுவும் நல்ல சிகிச்சையே. எந்த முறையானாலும் சில ஆண்டுகளில் வேறு சிரைகள் புடைக்க வாய்ப்புண்டு. ஒரு முறையோடு முடிந்தது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

புடைத்த சிரையை அழுத்தி நீவுவதை நிறுத்துங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும் என்பதால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். சிரை உடைந்து ரத்தம் பீறிட்டால் படுக்கவைத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி, அந்த இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தாலே நிற்கும். பதற்றத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார வைப்பதால்தான் ரத்தம் அதிகம் வீணாகிறது.

கொள்ளிடக்கரை எழுதியது:

என் தாயார் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்தவர். அவருக்கும் இதே இடத்தில் தோல் கருத்து, பிறகு ஒரு கொசுக்கடியைச் சொறிந்ததில் புண்ணாகி, அது ஆறவே இல்லை. சர்க்கரைப் புண் என்று சொல்லிக் களிம்பு மாற்றிக் களிம்பு தந்தார்கள்; ஆனால் அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. கடைசியாக ஒரு ரத்தநாள அறுவை நிபுணர் அடுக்கடுக்கான அழுத்தக் கட்டுப் போட்டு, பிறகு சிரையை அடைத்த பின்னரே புண் மூடியது. உங்கள் மனைவிக்குப் புண் வருவதற்கு முன்பே காரணம் தெரிந்துவிட்டது. அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள், அண்ணா.

மதுரை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

கொள்ளிடக்கரை சொல்வதற்குச் சான்றும் இருக்கிறது. சிரைப் புண் உள்ள 450 பேரை வைத்து பிரிட்டனில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஈவ்ரா ஆய்வில், அழுத்தக் கட்டோடு சிரையையும் உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆற இடைநிலையாக (அதாவது பாதிப் பேருக்கு ஆறி முடிய) 56 நாட்களும், சிரை சிகிச்சையைத் தள்ளிவைத்தவர்களுக்கு 82 நாட்களும் ஆயின.

கடைத்தொழிலாளர் எழுதியது:

வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இல், 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 22ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பணியாளர்கள் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் எல்லாக் கடைகளிலும் இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டத்துக்குப் பிறகு 2018இலேயே அங்கு இது வந்துவிட்டது. நடைமுறை வேறு கதை என்பது எனக்கும் தெரியும். முக்காலியைக் கண்ணில் படும்படி வைத்திருப்பார்கள், உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார். ஆனால் மருத்துவரின் குறிப்புச் சீட்டை இணைத்து, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாகக் கேட்டால் மறுப்பது கடைக்குச் சுலபமல்ல. தனியாகக் கேட்காமல், அதே தொல்லை உள்ள மற்ற சகோதரிகளையும் சேர்த்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

நெல்லைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அப்பாவின் காலைச் சுட்டிக்காட்டியதும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. அழுத்தக் காலுறை வாங்கியிருக்கிறோம். இறுக்கமாக இருக்கிறது, வெயிலில் தாங்க முடியவில்லை என்று கழற்றிவிடுகிறார். அதை எப்படிப் பழக்குவது, ஐயா?

மதுரை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும். குளித்துவிட்டுப் போடுவதென்றால் சற்று நேரம் காலை உயர்த்திப் படுத்த பின் போடலாம். வீங்கிய காலில் ஏற்றினால் இறுக்கமாகத்தான் இருக்கும். தொடை வரை உள்ளதற்குப் பதிலாக முழங்கால் வரை உள்ளதே பலருக்குப் போதும், புழுக்கமும் குறையும். மேல்விளிம்பைச் சுருட்டி விடக் கூடாது. அந்த இடத்தில் கயிறு கட்டியதுபோல் ஆகிவிடும். இரவில் கழற்றிவிடலாம். சர்க்கரை நோய் இருந்தாலோ, நடந்தால் கால் வலித்து நின்றால் குறைந்தாலோ, பாதத்து நாடியைப் பரிசோதிக்காமல் காலுறை போடக் கூடாது. தமனியில் அடைப்பு இருப்பவருக்கு அது கேடு செய்யும். கடையில் நிற்கும்போது இடையிடையே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். அதை எந்த மேற்பார்வையாளரும் தடுக்க முடியாது.