மறுமொழி: ‘கலப்புப்பால்’ வேண்டாம், ‘பெண்விரவு’ எப்படி?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெண் செடியும் இருபால் செடியும் (ஒரே பூவில் ஆண், பெண் இரண்டு உறுப்பும் உள்ளது) சேர்ந்து நிற்கும் இனங்களுக்கு டார்வின் 1877இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ‘கைனோடயோசியஸ்’ (gynodioecious) என்று பெயர் வைத்தார். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன.

முதலாவது ‘பெண்ஈரில்லம்’. புணர்ச்சி விதிப்படி எழுதினால் ‘பெண்ணீரில்லம்’ ஆகித் தண்ணீர்த் தாங்கி போல ஒலிக்கிறது. புணர்க்காமல் விட்டாலும், பெண்ணுக்கு இரண்டு வீடு என்றால் எங்கள் வன்னியில் அது சீதனப் பேச்சு. ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடியாக நிற்பதை ‘இரண்டு வீடு’ என்று கிரேக்கத்தில் சொன்னவர் தாவரவியலாளர் லின்னேயஸ்; அந்த வீட்டைப் பாடநூல்கள் ‘ஈரில்லம்’ என்று பெயர்த்துக்கொண்டன. பனைக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆண்பனை, பெண்பனை என்று சொல்லிப் பழகிய ஊருக்கு அதுகூடத் தேவைப்பட்டதில்லை.

இரண்டாவது ‘கலப்புப்பால்’. கடையில் கேட்டால் தண்ணீர் ஊற்றிய பால் என்பார்கள். சிரிப்பு இருக்கட்டும். என் மறுப்பு ‘கலப்பு’ என்ற முற்பாதியின் மேல்தான்.

மாங்குளத்தில் சித்தப்பா ‘ரெட் லேடி’ என்ற கலப்பினப் பப்பாசி வைத்திருந்தார். நல்ல நீட்டுக்காய் ஒன்றைப் பழுக்கவிட்டு, விதை எடுத்து, அடுத்த மாரிக்குக் குழிக்கு ஒரு கன்றாக நட்டார். காய்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு மரம் உருண்டைக்காய். உள்ளே பொந்து பெரிது, சதை குறைவு, சந்தையில் விலையும் குறைவு. “கலப்பு விதை, அதுதான் குலைந்துவிட்டது” என்றார். கன்று விற்றவரும் அதையே சொல்லியிருந்தாராம். இரண்டு பேருக்கும் பிழை.

பப்பாசியின் பால் கணக்கை 1938இல் ஹவாயில் ஸ்டோரி என்ற ஆய்வாளரும் தென்னாப்பிரிக்காவில் ஹோஃப்மையர் என்ற ஆய்வாளரும் தனித்தனியே விளக்கினார்கள். இன்றைய பேச்சில், பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தங்களை (குரோமோசோம்) வைத்துச் சொன்னால், பெண் மரத்துக்கு இரண்டு எக்ஸ்; ஆணுக்கு எக்ஸும் வையும்; இருபால் மரத்துக்கு எக்ஸும், சற்றே மாறிய இன்னொரு வையும். இரண்டு வை சேர்ந்த கரு பிழைப்பதில்லை. ஆகவே இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்தால், நாலில் ஒரு பங்கு கழிந்து 2 இருபாலுக்கு 1 பெண் மிஞ்சும். (பக்கத்து வளவில் ஆண்மரம் நின்றால் கணக்கு வேறு.) கலப்பே இல்லாத தூய வழியிலும் இதே 2:1தான். கலப்பின விதையைத் திரும்ப நட்டால் குலைவது பழத்தின் அளவும் இனிப்பும் போன்றவை, பால் அல்ல.

சித்தப்பாவுக்கு இரண்டு மொட்டுகளைப் பிளந்து காட்டினேன். அடி பருத்த மொட்டில் உருண்டைச் சூலகம் மட்டும்; அது உருண்டைக்காய் தரும் பெண் மரம். மெலிந்த மொட்டில் நீண்ட சூலகத்தைச் சுற்றிப் பத்துக் கேசரங்கள், விரலில் மஞ்சள் தூள்; அது நீட்டுக்காய் தரும் இருபால் மரம். இனிக் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்தபின் பெண்ணை வெட்டச் சொன்னேன். மூன்றும் பெண்ணாவது 27 குழியில் ஒன்றில்தான்; கணக்குப்படி மற்ற 26 குழியில் ஓர் இருபால் மரமாவது இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் இதில் கலப்பு எங்கே?” என்றார்.

அந்தக் கேள்விக்காகத்தான் வேறு சொல் வேண்டும் என்கிறேன். ஜெர்மன் தாவரவியலாளர் கொரென்ஸ் 1907இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள்: பிரையோனியா என்ற கொடியின் ஈரில்ல இனத்தையும் ஓரில்ல இனத்தையும் (ஆண்பூவும் பெண்பூவும் ஒரே செடியில்) கலந்து, பால் மரபுவழி வருவதைக் காட்டினார். அங்கே கலப்புக் கலப்புதான், பால் பால்தான். ‘கலப்புப்பால்’ என்று ஒரு சொல்லையும் அங்கே நுழைத்தால் வாசகர் திணறிப்போவார்.

என் முன்மொழிவு ‘பெண்விரவு’. ஆணும் இருபாலும் நிற்கும் இனத்துக்கு ‘ஆண்விரவு’. மூன்றும் நின்றால் ‘முப்பால்’ என்று வைக்க ஆசைதான். ஆனால் வள்ளுவர் முந்திவிட்டார்.

* * *

வவுனியாவிலிருந்து மறுமொழி:

தம்பி, விரவுதல் என்றாலும் கலத்தல்தானே? அகராதியைப் பாரும். என் மாணவர்கள் இதைப் ‘பரவு’ என்றுதான் வாசிப்பார்கள்.

* * *

ரீச்சருக்கு வணக்கம்.

அகராதியில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் விதைக் கடையில் ‘கலப்பு’க்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது, ‘விரவு’ சும்மா இருக்கிறது. செடியின் தாய் தகப்பன் யார் என்பதைக் கலப்பு சொல்லட்டும். தோட்டத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதை விரவு சொல்லட்டும். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என்று இரு திணைக்கும் பொதுவான பெயரை ‘விரவுப்பெயர்’ என்று நீங்கள்தானே படிப்பித்தீர்கள்? பப்பாசி என்ற ஒரே பெயருக்குள் பெண்ணும் இருபாலும் நிற்பதும் அப்படித்தான்.

‘பரவு’க்கு என்னிடம் மருந்தில்லை. முப்பாலுக்கு ஒரு மாற்றுச் சொல் தாருங்கள்.