அந்தமான் பட்டாம்பூச்சிகள்: எங்கே, எந்த லென்ஸ்? அவசரம்

சிறகுப்பித்தன்: 15ஆம் தேதி கிளம்புகிறேன். அந்தமானில் மட்டுமே இருக்கும் பட்டாம்பூச்சிகளைப் படம் எடுக்க வேண்டும். எந்த இடம், எந்த லென்ஸ்? நடுவில் ஒரு நாள் கிரேட் நிக்கோபாரும் போய்விட்டு வரலாமா? டிக்கெட் போட்டாச்சு, சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைத்தவளை: எந்த மாதம் 15? மொத்தம் எத்தனை நாள்? கையில் என்ன கேமரா?

மேக்ரோமணி: 100 எம்எம் மேக்ரோ (கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) போதும். வேறு எதையும் தூக்காதீர்கள்.

காட்டுராஜா: தம்பி, கேட்பதற்கு முன் வரைபடத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம். கிரேட் நிக்கோபார் போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) 500 கிலோமீட்டருக்கு மேல். அனுமதிச் சீட்டு வேண்டும். கப்பலில் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அப்புறம், எந்தப் பட்டாம்பூச்சி? அந்தமான் மார்மனா, அந்தமான் கிளப்டெயிலா? பெயரே சொல்லாமல் இடம் கேட்டால் என்ன சொல்வது?

சிறகுப்பித்தன்: இரண்டும்தான் சார். மே 15. ஆறு இரவு, அதில் நாலு ஹேவ்லாக் தீவில். கிராப் சென்சார் கேமரா, 70-300 எம்எம் ஜூம் லென்ஸ்.

மழைத்தவளை: மே பாதியிலா! தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடும் முன்பே அந்தமானில் இறங்கிவிடுமே. பிப்ரவரி, மார்ச்சுக்கு மாற்றப் பாருங்கள்.

பாம்பூபிளாட்வாசி: மாற்ற முடியாவிட்டாலும் வாங்க அண்ணே, நாள் முழுக்கவா மழை அடிக்கும்? ஹேவ்லாக்கைக் குறைத்துக்கொண்டு தெற்கு அந்தமானில் தங்குங்கள். சிடியா டாப்பு, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். மவுண்ட் ஹாரியட் (இப்போது மவுண்ட் மணிப்பூர்) போக, சாத்தாம் துறையில் வண்டியோடு படகேறி எங்கள் ஊர் பாம்பூபிளாட்டில் இறங்கலாம். (பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கப் படம் அந்த மலையிலிருந்து தெரியும் காட்சிதான்.) முக்கியமான விஷயம், இங்கே ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். ஹோட்டல் டிபனுக்குக் காத்திருந்தீர்கள் என்றால் நல்ல வெளிச்சம் போயே போச்சு.

பழப்பிரியன்: அன்னாசியையும் வாழைப்பழத்தையும் வெல்லம் போட்டுப் புளிக்க வைத்து மரத்தில் பூசுங்கள். தானாக வரும்.

காட்டுராஜா: வரும், ஆனால் நவாப், ராஜா வகைகள் வரும். இவர் தேடுவது பூவுக்கு வருகிற கூட்டம். உண்ணிப்பூ, இட்லிப்பூ பக்கம் நிற்க வேண்டும். மார்மன் ஆண்கள் ஈர மண்ணிலும் இறங்கும். ஈஸ்வரமூலி வகைக் கொடிகள் தெரிந்தால் பேர்ட்விங் என்ற பெரிய பட்டாம்பூச்சியையும் எதிர்பார்க்கலாம்.

பழப்பிரியன்: வால்பாறையில் எனக்கு வந்ததே!

காட்டுராஜா: என்ன வந்தது?

பழப்பிரியன்: புளூ நவாப்.

காட்டுராஜா: நான் வேறு என்ன சொன்னேன்?

பழப்பிரியன்: எல்லாம் தெரிந்தவர் மாதிரியே பேசுவீர்கள். மார்மன் பழத்தில் உட்காரவே உட்காராது என்று எழுதித் தருவீர்களா?

மழைத்தவளை: இரண்டு பேரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். மவுண்ட் ஹாரியட் தேசியப் பூங்கா. வனத்துறையைக் கேட்காமல் அங்கே எதையும் பூச வேண்டாம்.

மேக்ரோமணி: 100 எம்எம் பற்றி யாரும் பேசவில்லையே?

மழைத்தவளை: மணி அண்ணே, பேர்ட்விங் மர உச்சியில் பறக்கும். பூவில் தேன் குடிக்கும்போதும் சிறகடித்துக்கொண்டே இருக்கும். அவரிடம் இருக்கும் 70-300 போதும். ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

பாம்பூபிளாட்வாசி: இன்னொன்று. பாராடாங் தீவுக்குப் போவதாக இருந்தால் வழியில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வரும். வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள். அங்கே இறங்குவதும் படம் எடுப்பதும் குற்றம். பூவில் எது உட்கார்ந்திருந்தாலும் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

சிறகுப்பித்தன்: ஹேவ்லாக்கை இரண்டு இரவாக்கிவிட்டேன். நிக்கோபார் இல்லை. நன்றி.

மழைத்தவளை: மே முடிந்தே போச்சு. என்ன ஆயிற்று?

சிறகுப்பித்தன்: மழைதான். சிடியா டாப்பில் ஒரு காலை வெயில் வந்தது, மார்மன் ஆண் கிடைத்தது. கிளப்டெயில் பார்த்தேன், படம் இல்லை. அப்புறம் விரிவாக எழுதுகிறேன்.

பழப்பிரியன்: மார்மன் எதில் உட்கார்ந்திருந்தது? பூவா, பழமா?

காட்டுராஜா: படத்தைப் போடுங்கள் தம்பி, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

மேக்ரோமணி: எந்த லென்ஸ்?