மறு: ஓட்டுநர் இல்லா டாக்சிக்குப் பதில் சொல்பவர்: கலைச்சொல் தேவை, வெள்ளிக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

சான் ஹோசேயில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி ஒரு பாடம் எழுதி, வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வேமோ நிறுவன டாக்சியை விட்டுவிட்டு இந்த ஊர்ச் சாலையை எழுத முடியாது. 'ஓட்டுநர் இல்லாத டாக்சி' என்ற வரியைப் படித்ததும் ஒரு பையன் கையைத் தூக்கினான்: "டீச்சர், கரண்ட் போனப்ப அது நடுரோட்ல நின்னு யாரையோ கேட்டுச்சாமே, அது யாரு?"

2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மின்சாரம் போனதைச் சொல்கிறான். அன்று 7,000க்கு மேற்பட்ட இருண்ட சிக்னல்களை வண்டிகள் தாமாகவே கடந்தன என்றும், சில இடங்களில் மனிதரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள நின்றன என்றும், கேள்விகள் ஒரேயடியாகக் குவிந்ததால் பதில் தாமதமானது என்றும் நிறுவனமே விளக்கியது. அந்த மனிதரைத் தமிழில் எப்படி அழைப்பது? 'தொலை ஓட்டுநர்' என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

— ஆசிரியை, சான் ஹோசே

•••

'தொலை ஓட்டுநர்' வேண்டாம் என்று நீங்கள் நினைத்தது சரி. அவர் ஓட்டுவதில்லை. 'இந்தத் தெரு அடைத்திருக்கிறதா, சுற்றிப் போகலாமா?' என்று வண்டி படத்தோடு கேட்கும், இவர் பார்த்துச் சொல்வார். அதை ஏற்பதும் விடுவதும் வண்டியின் முடிவு. லாஸ் வேகாஸில் வே என்ற நிறுவனம் நடத்துவது வேறு. அங்கே ஒருவர் எங்கோ உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆளில்லாத காரை வாடிக்கையாளர் வாசல்வரை ஓட்டியே கொண்டுவருகிறார். வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வெளியிடும் தரநிலையும் 2021 பதிப்பில் ஓட்டுவதையும் உதவுவதையும் தனித்தனியே வரையறுத்துவிட்டது. நமக்கும் இரண்டு சொல் வேண்டும்.

உங்களுடைய மனிதருக்கு 'தொலை உதவியாளர்'. எளிது, பிள்ளைகளுக்குப் புரியும்.

— சென்னை, மென்பொருள் துறை

•••

அம்மா, தங்கள் மடல் கண்டேன். இந்த வண்டிக்கு நம்மிடம் பழைய பெயரே உண்டு. புறநானூறு 27இல் 'வலவன் ஏவா வான ஊர்தி', அதாவது ஓட்டுபவன் செலுத்தாத வான வண்டி என்கிறார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். வானத்தை எடுத்துவிட்டால் அது தெருவில் ஓடும். வலவன் என்பதை வலப்பக்கத்தோடு முடிச்சுப் போடுவாரும் உளர். வல் என்னும் அடியே எனக்கு ஏற்புடையது: வல்லவன், வல்லுநன், வலவன். தேரும் குதிரையும் கைவந்தவன். அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்தான் என்பதிலிருந்து பெயர் பிறந்ததாகக் கொள்ள எனக்கு ஒரு சங்கப் பாட்டும் அகப்படவில்லை.

வழி சொல்பவர் ஆற்றுப்படுத்துநர். ஆறு என்றால் வழி, படுத்தல் என்றால் செலுத்துதல். தொல்காப்பியர் 'ஆற்றிடைக் காட்சி' என்று இதற்கு இடம் வகுத்திருக்கிறார். சங்க ஆற்றுப்படை நூலான மலைபடுகடாத்தைப் புரட்டுங்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வருபவனிடம் எங்கே குழி, எங்கே பாம்பு, தினைப்புனக் காவலரின் கவண்கல் எங்கே வந்து விழும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கூடப் போவதில்லை. வழியை மட்டும் சொல்லி அனுப்புகிறான். தாங்கள் தேடும் மனிதர் இவரே.

— மதுரை

•••

ஐயா, பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் இன்று ஆற்றுப்படுத்துநர் என்றால் மனம் நொந்தவரிடம் பேசித் தேற்றுபவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அந்தப் பெயரிலேயே பணியிடம் இருக்கிறது. ஜெர்மனியின் 2021 சட்டம் இந்த வேலைக்குத் தொழில்நுட்பக் கண்காணிப்பு என்ற பொருளில் பெயர் வைத்தது. நாமும் 'தொலைக்கண்காணி' என்று சுருக்கலாமா?

— சென்னை

•••

வலவனும் வேண்டாம், ஓட்டுநரும் வேண்டாம். எங்கட ஆக்களுக்கு சாரதி எண்டால்தான் விளங்கும். இலங்கையில 'சாரதி அனுமதிப்பத்திரம்' எண்டுதானே எல்லாரும் வைச்சிருக்கினம். வடசொல் எண்டு தள்ளினால் பாதித் தமிழரைத் தள்ளினதா முடியும். இந்த மனிசர் சாரதி இல்லை, அது சரி. 'தொலை வழித்துணைவர்' எப்பிடி?

— ரொறன்ரோ

•••

கண்காணி மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மலேசியத் தோட்டங்களில் வேலையாட்களை மேய்த்தவர்தான் கங்காணி, அதே சொல். என் பாட்டனாரை ஊரிலிருந்து கூட்டி வந்தவர் ஒரு கங்காணி. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

இந்த வேலையில் இருப்பவர்களின் நிலையோ நேர்மாறானது. 2026 பிப்ரவரியில் அமெரிக்க மேலவை விசாரணையில், இந்த உதவியாளர்களில் ஒரு பகுதியினர் பிலிப்பைன்ஸில் இருப்பதாக வேமோவின் அதிகாரி சொன்னார். சான் பிரான்சிஸ்கோவில் பகல் என்றால் அங்கே இரவு. யாரையும் மேய்ப்பதற்காக அவர்கள் விழித்திருக்கவில்லை. வண்டி கேட்டால் பதில் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த நிறுவனம் இதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழாக்கினால் 'வாகனத்தொகுதி மறுமொழி' என்று வரும். அதில் ஆளே இல்லை. நம் சொல்லும் 'அமைப்பு', 'சேவை' என்று முடிந்துவிடக் கூடாது. 'அர்' விகுதி கட்டாயம் இருக்கட்டும். ஆள் இருக்கிறார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

— ஈப்போ

•••

ஈப்போ அன்பர் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். வழித்துணைவரில் ஓர் இடர்: தொலைவழி + துணைவர் என்று பிரித்தால் நெடும்பயணத்தில் உடன்வருபவர் ஆகிவிடுவார். இவர் உடன்வராதவர். 'சேய்மை வழித்துணைவர்' என்றால் தப்பலாம், ஆனாலும் 'துணை' உடனிருப்பையே குறிக்கும். 'தொலை உதவியாளர்' என்பதையும் 'தொலையுதவியாளர்' என்று யகர உடம்படுமெய் இட்டே எழுத வேண்டும்.

— மதுரை

•••

எல்லாருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'தொலை உதவியாளர்' பக்கமே கூடுதல் பேர். மூன்று நாள் மடல் படித்துக் கண் எரிகிறது, அதையே பாடத்தில் போடுகிறேன். ஐயா மன்னிக்க வேண்டும், பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்க வசதியாகப் பிரித்தே அச்சிடுகிறேன். கீழே இப்படி ஒரு வரி வரும்: 'வண்டி தயங்கிக் கேட்கும்போது வேறோர் இடத்திலிருந்து பதில் சொல்லும் மனிதர்.'

கேள்வி கேட்ட பையனையே படம் வரையச் சொன்னேன். காதில் ஹெட்போன் மாட்டிய ஓர் அக்கா, ஜன்னலுக்கு வெளியே நிலா, மேசைத் திரையில் வெயிலடிக்கும் நாற்சந்தி. அதையும் சேர்க்கிறேன்.

— ஆசிரியை, சான் ஹோசே

•••

அச்சாகட்டும். என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். உதவியாளர் என்றால் அலுவலகத்தில் கோப்பு எடுத்து வருபவரும் உதவியாளர்தான், அமைச்சரின் பின்னால் நிற்பவரும் உதவியாளர்தான். வழி என்ற கருத்தே சொல்லில் இல்லாமல் போயிற்று. அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன். லாஸ் வேகாஸில் எங்கோ இருந்து ஓட்டுகிறாரே, அவருக்காவது 'சேண்வலவர்' (சேண் என்றால் தொலைவு) என்ற பெயரை விட்டுவையுங்கள்.

— மதுரை