ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துப் பல வருடம் கழித்து அம்மாவுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று பதறிப்போனோம். அது இல்லை. கதிர்வீச்சு பட்ட சிறுநீர்ப்பையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு, ஆக்சிஜன் கிடைக்காமல் திசு நலிந்திருந்தது. அதற்குத்தான் இந்த ஹைப்பர்பேரிக் சிகிச்சையைப் பரிந்துரைத்தார்கள்.

மூடிய சேம்பருக்குள் படுக்கவைத்து, காற்றழுத்தத்தை வழக்கமான அளவைப் போல் 2 முதல் 2.5 மடங்கு வரை ஏற்றி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் எப்போதுமே கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கும். அதில் மேலும் ஏற்ற இடமில்லை. ஆனால் அழுத்தம் கூடினால், சோடாவில் வாயு கரைவதுபோல ஆக்சிஜன் பிளாஸ்மாவிலேயே, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியிலேயே கரைகிறது. சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் கரைந்திருப்பது 0.3 மில்லி. 3 மடங்கு அழுத்தத்தில் அது சுமார் 6 மில்லி ஆகிறது. சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய பன்றிகளை இப்படியே உயிரோடு வைத்திருக்க முடிந்தது என்று நெதர்லாந்து அறுவை மருத்துவர் போரேமா 1960இல் வெளியிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது இதைப் படித்த பிறகுதான்.

அழுத்தம் ஏறும்போது அம்மாவுக்குக் காது அடைப்பு பெரிய தொல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல ஊதச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் மாற்றமே தெரியவில்லை. புது ரத்தக்குழாய்கள் உருவாக நாளாகும், பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் ரத்தம் படிப்படியாகக் குறைந்து நின்றது.

மறுமொழி 1
அண்ணன் கடலுக்கடியில் வெல்டிங் செய்பவர். ஒருமுறை வேகமாக மேலே வந்துவிட்டார். மூட்டெல்லாம் வலி, கால் மரத்துப்போனது. உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகிவிட்டது என்றார்கள். சேம்பரில் அழுத்தம் ஏற்றியதும் குமிழிகள் சுருங்கி, அன்றே நடந்தார். உங்கள் அம்மாவுக்கு மாதிரி இதில் நிதானம் கிடையாது, நேரம்தான் எல்லாம். கார்பன் மோனாக்சைடு விஷமும் அப்படித்தான். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் அது பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். சேம்பரில் அரை மணிக்குள் குறைந்துவிடும்.

மறுமொழி 2
என் தங்கை மகனுக்கு ஆட்டிசம். ஒரு மையத்தில் இதனால் சரியாகிவிடும் என்று உறுதி சொல்லிப் பணம் கட்டச் சொன்னார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள், அதற்கு ஆதாரம் இல்லை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் அதற்கு அனுமதி தரவில்லை.

அப்பாவுக்கு ஆறாத சர்க்கரைப் புண். அவருக்கு இந்தச் சிகிச்சை உண்மையிலேயே உதவியது. புண்ணைச் சுத்தம் செய்வதும் மருந்தும் கூடவே நடந்தன. சேம்பருக்குள் ரத்தச் சர்க்கரை இறங்கக்கூடும், அதனால் போகும் முன் ஒவ்வொரு முறையும் அளவு பார்க்கச் சொல்லுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் உள்ளே போகவே கூடாது. பருத்தி உடை மட்டும். போன், எண்ணெய், வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம், ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும்.